சுற்றி வைக்காத தட்டு

வின்னிபெக்,
நவம்பர் 29, சனிக்கிழமை.

என் மகன் ரோமெலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, உன் தங்கை ஜிங்ஜிங், நான் மூவரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. எழுத வரவில்லை. நீ இருக்கும் இடம் தெரிந்த பிறகு எங்கள் நலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் உன் நீலக் கோட்டும் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். முதலில் அதைப் போட்டுக்கொள். மீதியை அப்புறம் படி.

போட்டாயா? சரி.

போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் ஊருக்குப் பெட்டி போனது உனக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள், முப்பதாம் தேதிக்குள் காலி பண்ண வேண்டும், அப்பாவுக்கு ஒன்றாம் தேதி பிராண்டனில் இறைச்சி ஆலை வேலை. இருக்கிற சாமானையெல்லாம் அங்கே தூக்கிச் சுமப்பதைவிடக் பிலிப்பைன்ஸுக்குக் கப்பலில் ஏற்றினால் இலோயிலோவில் உன் அத்தை பிள்ளைகளுக்காவது ஆகும் என்று நினைத்தேன். கறி டின், சோப்பு, சாக்லெட், ஜிங்ஜிங்குக்குச் சின்னதாகிப்போன ஷூ, எல்லாம் போட்டேன். காபி பாட்டில் நாலு இருந்தது. அது உடையாமல் இருக்க எதையாவது சுற்ற வேண்டும், துண்டெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஆணியில் தொங்கிய நீலக் கோட்டை எடுத்துச் சுற்றினேன். முழங்கை கிழிந்த கோட்டு. புதுசு வாங்கித் தந்திருக்கிறேனே, இதை எங்கே போடப்போகிறான் என்று நினைத்தேன். புதுசை நீ கூட வேலை செய்கிற சூடான்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாயா? இந்த வீட்டில் யார் எதைச் சொல்கிறீர்கள்?

பார், மறுபடியும் திட்டுகிறேன். எழுதும்போதும் வாய் அடங்கவில்லை எனக்கு.

அன்று சாயங்காலம் புளிச்சாறு வைத்திருந்தேன். குளிர்பெட்டியைக் காலி பண்ணுகிற சமையல். இருந்த பன்றி விலா அத்தனையையும் போட்டு, புளி கரைத்து, முள்ளங்கியும் கீரையும் போட்டது. நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வாய்க்குக் கரண்டியை எடுத்தபோது கோட்டைக் கேட்டாய். பெட்டியில் போட்டேன் என்றேன். "இலோயிலோவுக்கா? குளிர் கோட்டையா? அங்க யாரு போடப்போறா, எருமையா?" என்று கேட்டாய். ஜிங்ஜிங் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் தீர்ந்திருக்கும். நாலு நாளாக நான் ஒருத்தியே சாமான் கட்டுகிறேன், நீ ஒரு டப்பாவைக்கூட நகர்த்தவில்லை என்று எனக்கு எரிச்சல். "பாக்கெட்டப் பாத்தியா?" என்று கேட்டாய். உன் குரல் மாறியது. மாறியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "பாக்கெட்ல என்ன, அரண்மனைச் சாவியா வெச்சிருந்த?" என்றேன்.

அதற்குப் பிறகு நீ சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. பிராண்டனுக்கு வரமாட்டேன் என்றாய். உன்னை யார் கேட்டது என்றேன். "என்ன ஆறு வயசுல விட்டுட்டுக் கெளம்புனப்ப நான் ஏதாவது கேட்டனா? கெளம்பறது உனக்கு மட்டும்தான் வருமா?" என்றாய். அது எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. "போனா போ. திரும்ப இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். நீ எழுந்தாய். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. உன் மேல் ஒரு பருத்திச் சட்டை.

சாப்பாட்டுக்கு நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போனால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும், போகிறவர் வழியில் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்வார். இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா தன் தட்டைச் சுற்றினார். ஜிங்ஜிங் சுற்றினாள். நான் என் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கோவத்த நாளைக்கு வெச்சுக்கலாம் மெலிண்டா, தட்ட இப்ப சுத்து" என்றார் அப்பா. "எந் தட்ட யாரும் தொடக்கூடாது" என்றேன். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் நான் சுற்றவில்லை ரோமெல். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நான் ஊரைவிட்டுக் கிளம்பின அன்று விமான நிலைய வண்டி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. பாதி மீன் தட்டில் இருக்க எழுந்து ஓடினேன். உன்னை அணைத்துக்கொள்ளக்கூட கை கழுவ நேரம் இல்லை, முழங்கையால் அணைத்தேன். வண்டி திரும்பின பிறகு நீ மேஜையைச் சுற்றி ஓடி ஏழு பேர் தட்டையும் சுற்றி வைத்தாயாம். என் தட்டையும் சேர்த்து. அதுவும் போதாதென்று குழம்புச் சட்டியையும் சுற்றிவிட்டாய் என்று அப்பா போனில் சொன்னார். அங்கிருந்து உங்களை இங்கே கூப்பிட்டுக்கொள்ளும்வரை மூன்று வருஷம். யார் யார் வீட்டிலோ வேலை செய்தேன். ஒரு காய்ச்சல், ஒரு சறுக்கல், ஒரு கெட்ட முதலாளி எதுவும் எனக்கு வரவில்லை. கூட வேலை செய்தவர்களிடம் எல்லாம் சொல்வேன், என் மகன் சட்டியையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறான், எனக்கு ஒன்றும் ஆகாது என்று.

நான் உனக்கு ஒரு தட்டைச் சுற்றவில்லை.

உன் போன் அடுப்பங்கரைச் சுவரில் சார்ஜில் இருந்தது. அதை நீ விட்டுவிட்டுப் போனாய் என்று அரை மணி கழித்துத்தான் பார்த்தோம். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். மறுநாள் போலீசுக்குப் போனோம். நல்லபடியாகத்தான் கேட்டார்கள், பத்தொன்பது வயது, வளர்ந்த ஆள், கோபம் தணிந்தால் வருவார் என்றார்கள். ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். எந்த நிறக் கோட்டு போட்டிருந்தார் என்று கேட்பார்கள். கோட்டே இல்லை என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சு நிற்கும். அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைத்தேன். பஸ் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆறு உறைந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது.

உன் வேலையிடத்துக்குப் போனேன். நீ வரவே இல்லை என்றார்கள். வெளியே வரும்போது நான் உனக்கு வாங்கித் தந்த அந்தப் புதுப் பச்சைக் கோட்டு எனக்கு முன்னால் நடந்து போனது. நான் ஓடினேன். பனியில் விழுந்து எழுந்து ஓடித் தோளைப் பிடித்துத் திருப்பினேன். சூடான்காரப் பையன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுக்க வந்தான். நான் திரும்பவும் அவனுக்கே போட்டுவிட்டுப் பொத்தானும் போட்டுவிட்டேன். நல்ல பையன். யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறாய்.

வீட்டில் எல்லாம் கட்டியாகிவிட்டது, என் தட்டைத் தவிர. அது அன்று இருந்த இடத்தில், அன்று இருந்தபடியே மேஜையில் இருந்தது. சாறு காய்ந்து ஓரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. மேஜையைத் தூக்க முடியாது, நாற்காலியைப் பிரிக்க முடியாது. ஒன்பது நாளாக அப்பாவும் ஜிங்ஜிங்கும் ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். காலையில் பூண்டுச் சோறும் முட்டையும், ராத்திரி டின் கறி. உன் பிறந்தநாளுக்கு என்று நான் மாவுத் தாளில் கறி வைத்துச் சுருட்டிய லும்பியா நாற்பதும் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதைப் பொரித்துத் தீர்த்துவிடலாம் என்று அப்பா சொன்னபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

தட்டை இப்போது சுற்றினால் ஆகுமா என்று கேட்டேன். நம் கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவள், "ஆளு வாசலத் தாண்டிட்டா அப்பறம் சுத்தி என்ன பிரயோஜனம்" என்றாள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற நார்மிதா, "தட்டக் கழுவற வரைக்கும் சாப்பாடு முடியல, அதுவரைக்கும் சுத்தலாம்" என்றாள். நார்மிதா சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் சுற்றவில்லை. சுற்றி வைத்த பிறகும் நீ வராமல் போனால்? அப்புறம் நான் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அந்தப் பயம்.

கோட்டு எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லையே. பெட்டி எடுத்துப்போகிற எர்னிங்கைத் தேடி ஊர்க்கோடியில் உள்ள கிடங்குக்குத் திங்கட்கிழமை போனேன். கூரை முட்ட பெட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே ஊர்ப் பெயர்கள். "ஏம்மா, ஒட்டின பெட்டியத் தொறந்தா கப்பல் வரிசை போயிடும், கிறிஸ்துமஸும் போச்சு, புதுவருஷமும் போச்சு" என்றார். போகட்டும் என்றேன். காரணத்தைச் சொன்னதும் அந்த மனிதர் கத்தியை எடுத்தார். எழுபது எண்பது பெட்டியை நகர்த்தினோம். என் கையெழுத்தை நானே தேடிக் கண்டுபிடித்தேன். கோட்டை உருவியபோது ஒரு காபி பாட்டில் விழுந்து உடைந்தது. பாக்கெட்டில் கைவிட்டேன். பஸ் அட்டை இருந்தது. அப்படியென்றால் அன்று நீ நடந்துதான் போயிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரு சாவி. ஒரு துண்டுத் தாளில் பர்ரோஸ் தெரு முகவரி, மாடி அறை, டிசம்பர் 1 முதல் என்று உன் கையெழுத்து.

அரண்மனைச் சாவியா என்று கேட்டேனே. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ அன்று சாப்பாட்டில் இதைச் சொல்லத்தான் இருந்தாய், இல்லையா? இரண்டு வாயோடு நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டது அதனால்தான். எனக்குப் புளிப்பு கூடிப்போச்சோ என்று கவலை.

நேராக அந்த முகவரிக்குப் போனேன். வீட்டுக்காரி பெர்லா அக்கா, நம் ஊர்க்காரர்தான், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அந்த வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தாராம். எதிர்வீட்டுக்காரர் அப்புறம் சொன்னாராம், கோட்டு இல்லாத பையன் ஒருத்தன் ரொம்ப நேரம் கதவைத் தட்டினான், பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான், பிறகு போய்விட்டான் என்று. எந்தப் பக்கம் போனான் என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். உன்னைக் கடைசியாகப் பார்த்தவர் அவர். சாவி கப்பல் பெட்டியில், நீ வாசலில். பூட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. நேற்று முன்தினம் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்தேன், யாரும் பேசவில்லை. பின்னால் ஏதோ கடைச் சத்தம். ஏதாவது விற்கிற கூட்டமாக இருக்கும், வை என்றார் அப்பா. நான் வைக்கவில்லை. யார் என்று கேட்டால் வைத்துவிடுவாயோ என்று பயந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது நீதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அது இன்ஷூரன்ஸ்காரனாக இருந்தால் அவனும் சாப்பிட்டிருக்கட்டும்.

இன்று ஒன்பதாம் நாள். அப்பாவின் நண்பர்கள் கடைசி நாள் விருந்து என்று பன்றியும் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு வரக் கிளம்பினார்கள். சர்ச்சில் ஒருத்தி ஜெபமாலையோடு வரட்டுமா என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நம்மில் ஒன்பதாம் நாள் கூடி ஜெபம் சொல்லி விருந்து வைப்பது யாருக்கு? அந்த விருந்து இந்த வீட்டில் கிடையாது, ஒருத்தரும் வரவேண்டாம் என்று எல்லோரையும் விரட்டிவிட்டேன். முரடி என்று பெயர் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை.

காலையில் லாரி வந்தது. மேஜையைத் தூக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். தூக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்போது ஜிங்ஜிங் மேஜைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் வரவில்லை. நானும் குனிந்து உள்ளே போனேன். அழுது அழுது விக்கல் எடுத்திருந்தது. சொன்னாள்: "அண்ணன் ஷூ போடறப்ப எங் காதுல சொன்னான். அம்மா சுத்தாது, அது தட்ட நீ சுத்தி வெச்சிடு, இல்லன்னா அது தூங்காதுன்னு சொன்னான். நீ யாரும் தொடக்கூடாதுன்னுட்ட. நான் பயந்துட்டேன். என்னாலதான் அண்ணன் வரல."

உன் பயணத்துக்காக இல்லை. நான் தூங்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவு கோபத்தில், ஷூ கயிறு கட்டிக்கொண்டு, என் தூக்கத்தை நினைத்திருக்கிறாய். ஒன்பது வயசுக் குழந்தை ஒன்பது நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று டின் கறி சாப்பிட்டிருக்கிறது. நான் என் பயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அவளை வெளியே கொண்டுவந்தேன். அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். தட்டு மேஜை விரிப்போடு ஒட்டிப்போயிருந்தது. அப்பாவும் வந்து பிடித்தார். மூன்று பேருமாகச் சுற்றினோம், ஒரு முழுச் சுற்று. லாரிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள், என்ன நினைத்தார்களோ. பிறகு வெந்நீர் போட்டு அந்தத் தட்டை நானே கழுவினேன்.

அந்தத் தட்டு இப்போது உன் மாடி அறையில் இருக்கிறது. பெர்லா அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு மேலே போய் வைத்துவிட்டு வந்தேன். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியது அரிசியும் உப்பும். பிராண்டன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததை உன் அறையில் வைத்துவிட்டேன், அங்கே வேறு வாங்கிக்கொள்வோம். சின்ன சோற்றுக் குக்கரும், உன் போனும் இருக்கிறது. லும்பியா பெர்லா அக்காவின் குளிர்பெட்டியில், கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள். நல்ல அறை. ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது, அதற்குத் துணி அடைத்திருக்கிறேன், எடுக்காதே.

ஒன்றாம் தேதி நீ வரும்வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். "உங்கள வாசல்ல பாத்தா பையன் தெருமுனையிலயே திரும்பிடுவான்மா. எம் மகன் அப்படித்தான் திரும்பினான். கடுதாசி குடுத்துட்டுப் போங்க" என்றார் பெர்லா அக்கா. அதனால்தான் போகிறேன். விட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்று நினைக்காதே. இந்தத் தடவை உன் வழியில் நிற்கக்கூடாது என்று போகிறேன்.

பிராண்டனுக்கு நீ வரவேண்டாம். இங்கேயே இரு. உன் அறை, உன் வேலை. வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னேன் அல்லவா? அந்த வாசற்படி நாளையிலிருந்து வேறு யாருடையதோ. அதனால் அந்தப் பேச்சும் செல்லாது. எங்கள் புது வாசலுக்கு நான் எந்தச் சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒன்பது நாள் பிந்திச் சுற்றிய தட்டு பலிக்குமா என்று இனி நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அதை நீதான் சொல்ல வேண்டும். என் எண் உனக்கு மனப்பாடம். ஒரு தடவை கூப்பிடு. பேசவேண்டாம், கோபம் இருந்தால் இருக்கட்டும். நான் "சாப்பிட்டியா" என்று கேட்பேன். நீ மூச்சு விட்டால் போதும் தோதோ, என் செல்லப் பையா, எனக்குக் கேட்கும்.

கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள். முழங்கைக் கிழிசலைத் தைத்துவிட்டேன். சாவியும் பஸ் அட்டையும் அதே பாக்கெட்டில் இருக்கிறது. குழந்தை இயேசு உன்னை எங்கே இருந்தாலும் கூரைக்குக் கீழே வைக்கட்டும்.

உன் தட்டைச் சுற்றிய,
அம்மா மெலிண்டா